பள்ளிப் படிப்பு முடிந்ததும் லாரி ஓட்டப் போகலாமா?

(மேல்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்த மாணவர்களுக்கும் அவர்தம் பெற்றோருக்கும் ஊராட்சி ஒன்றிய அலுவலக மன்றத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



தேர்வு முடிவுகள் வெளிவந்த பின்னர் நமது அலுவலக வாயிலில் சில வாரங்கள் கூட்டம் மிகுந்து காணப்படுவது வழக்கம். சென்ற வாரம் ஓர் அம்மையார் தம் மகனைக் கையோடு அழைத்து வந்தார். “ஏனுங்க ஐயா, பன்னெண்டு வரைக்கும் படிச்ச பையன் லாரிக்குப் போறேங்கறானுங்க. நீங்க ஒரு வார்த்தை புத்தி சொல்லக் கூடாதுங்களா?” என்று கேட்டார். பையன் தரையைப் பார்த்தபடி நின்றிருந்தான். அதற்கு இரண்டு நாள் கழித்து ஒரு தகப்பனார் வந்தார். அவருடைய வழக்கு நேர் எதிரானது. மகன் கல்லூரிக்குப் போக விரும்புகிறான். தகப்பனாரோ, “அவங்க மாமன் லாரியிலயே ஏத்தி உட்டுட்டா நாளைக்கே நாலு காசு வருமுங்களே” என்கிறார். இவ்விருவருக்கும் அன்று நாம் அளித்த விடை நமக்கே நிறைவாயில்லை. சற்று விரிவாகச் சொல்ல வேண்டியதை இன்று சொல்ல முற்படுகின்றோம்.

லாரித் தொழில் நம் பகுதிக்குப் புதிதன்று, இழிவானதும் அன்று. மழையை நம்பிய மேட்டு நிலத்தில் கடலையும் சோளமும் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருந்த குடும்பங்கள் பல, கிணறு வற்றிய காலத்தில் பூட்டியிருந்த மாட்டை விற்றுச் சக்கரத்தைப் பற்றிக்கொண்டு கரையேறின. நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் லாரிகளுக்குக் கூண்டு கட்டும் பட்டறைகள், திருச்செங்கோட்டிலிருந்து வடநாடு வரை சென்று ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள், சமையல் எரிவாயு ஏற்றிச் செல்லும் டாங்கர்கள், சங்ககிரியில் வரிசையாய் நிற்கும் சரக்கு லாரிகள் ஆகிய இவற்றைக் கொண்டே இந்தியா முழுவதிலும் நம்மை அறிந்திருக்கின்றார்கள். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நாமக்கல் வழியாகத்தான் போகின்றது. ஆகவே, படித்த பையன் லாரிக்குப் போகலாமா என்ற கேள்வியில் ‘படித்த’ என்னும் சொல்லுக்கு ஏற்றியிருக்கும் பாரத்தை முதலில் இறக்கி வைத்துவிடலாம். போகலாம். ஆனால் எப்பொழுது, எந்த வழியாக என்பதில்தான் பிள்ளைகளின் கதி அடங்கியிருக்கின்றது.

சட்டம் சொல்வதை முதலில் கவனிப்போம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி 18 வயது நிரம்பினால் கார் போன்ற இலகு வாகனத்தை ஓட்டலாம். சரக்கு லாரியை ஓட்டுவதற்கோ 20 வயது நிரம்பியிருக்க வேண்டும். அத்துடன், கனரக வாகனத்துக்குப் பழகுநர் உரிமம் கேட்பவர் அதற்கு முன்னரே இலகு வாகன உரிமத்தை ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் சான்றிதழும் வேண்டும். எட்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும் என்றிருந்த விதி 2019-இல் நீக்கப்பட்டது. அதனால் படிப்பு வேண்டியதில்லை என்று சிலர் நினைக்கின்றனர். அது எவ்வளவு பிழை என்பதைப் பின்னர்ச் சொல்வோம்.

பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும்பொழுது நம் பிள்ளைகளுக்கு வயது 17 அல்லது 18. லாரியில் அமரச் சட்டம் இடங்கொடுக்கும் வயது 20. இடையில் இரண்டு ஆண்டுகளோ, இரண்டரை ஆண்டுகளோ நிற்கின்றன. இந்த இடைவெளியைப் பற்றியே இன்று பேச வந்தோம். பள்ளி கைவிட்டு, தொழில் இன்னும் கைப்பிடிக்காத இந்த இரண்டாண்டுகளில் பையன் எங்கே இருக்கிறான், என்ன செய்கிறான் என்பதைப் பொறுத்தே அவன் முப்பது வயதில் எப்படியிருப்பான் என்பது பெரும்பாலும் அமைந்துவிடுகின்றது.

நம்முடைய தவறு ஒன்றையும் இங்குச் சொல்லியாக வேண்டும். 2023-ஆம் ஆண்டுக் கோடையில் நமது ஒன்றியத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து, தேர்வு முடித்து 18 வயது நிரம்பிய ஓர் இளைஞர் நம்மைக் காண வந்தார். லாரி ஓட்டக் கற்க அரசாங்க உதவி ஏதேனும் உண்டா என்று கேட்க வந்திருக்கின்றார். அன்று நமக்கு ஆய்வுக் கூட்டம். காலை 11 மணிக்கு வந்தவரை மாலை 4 மணி வரை விறாந்தையிலேயே உட்கார வைத்துவிட்டோம். கூட்டம் முடிந்து வெளியே வருகையில், “இதெல்லாம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்து விஷயம், தம்பி” என்று நடந்தபடியே சொன்னது நினைவிருக்கின்றது. அவர் போய்விட்டார். போக்குவரத்து அலுவலகத்துக்குப் போகவில்லை. உறவினர் ஒருவர் சொல்படி ஒரு லாரியில் கிளீனராக ஏறிவிட்டார்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு விடியற்காலையில், டிரைவர் பின்னால் படுத்துறங்க, ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் இந்த இளைஞர். விளக்கின்றிச் சாலையோரம் நின்றிருந்த கரும்பு டிராக்டரின் பின்னால் வண்டி மோதியது. டிராக்டர் அருகில் நின்றவருக்கு ஒரு கால் போயிற்று. உரிமம் இல்லாதவர் ஓட்டியமையால் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பை மறுத்தது. பையன் ஓட்டுவது தமக்குத் தெரியாது என்றார் வண்டி உரிமையாளர். நாம் இச்செய்தியை அறிந்தது எப்படியென்றால், அதுவரை நூறு நாள் வேலைக்கு வந்தறியாத அவருடைய தகப்பனார் வேலை அட்டை கேட்டு நமது அலுவலகத்துக்கு வந்தார். ஒன்றரை ஏக்கர் நிலம் அடமானத்தில் இருந்தது. அவருடைய மனுவில் கையெழுத்திடும்பொழுதுதான் விறாந்தையில் உட்கார்ந்திருந்த முகம் நினைவுக்கு வந்தது. நாம் அன்று பத்து நிமிடம் பேசியிருந்தால் இது நேர்ந்திராது என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் பேசியிருக்கலாம்.

அந்த இளைஞருக்கு 18 நிரம்பியிருந்தது. நிரம்பாதவர் ஓட்டினால் நிலைமை இன்னும் கடுமை. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோரோ பாதுகாவலரோ வண்டி உரிமையாளரோ பொறுப்பாளியாவர். 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். பையனுக்கோ 25 வயது வரை எவ்வித உரிமமும் கிடையாது. லாரியில் பிழைக்க எண்ணும் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய தண்டனை உண்டா? பதினேழரை வயதுப் பையனைக் காட்டி, “என் மகன் இப்பவே பத்துச் சக்கர வண்டியை ரிவர்ஸ் எடுப்பானுங்க” என்று மகிழும் தகப்பனார்களைப் பார்த்திருக்கின்றோம். அவர்கள் இதைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.

கிளீனராகப் போய்ப் பழகுவது நம் முன்னோர் கண்ட வழிதானே என்று பெரியவர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. அந்தக் காலத்துக் கிளீனர் வேலை உண்மையில் ஒரு குருகுலம். வண்டி கழுவுவதில் தொடங்கி, வண்டி நின்றதும் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பது, டயரை இரும்புக் கம்பியால் தட்டி ஓசையிலேயே காற்றுக் குறைவைக் கண்டுபிடிப்பது, தார்ப்பாயை மழை புகாமல் மடித்துக் கயிறு வரிவது, இடப்பக்கம் தொங்கியபடி குரல் கொடுத்துப் பின்னால் வர வழி சொல்வது, சாலையோரம் அடுப்பு மூட்டிச் சோறாக்குவது என்று நாலைந்து ஆண்டுகள் கழியும். அதன் பிறகே டிரைவர் ஆளில்லாத சாலையில் ஸ்டியரிங்கைத் தருவார். அதற்குள் வண்டியின் ஒவ்வொரு நட்டும் போல்ட்டும் பையனுக்கு அத்துப்படி. அப்படி வந்தவர்கள் இன்று நரைத்த தலையுடன் இம்மன்றத்திலேயே நாலைந்து பேர் இருக்கின்றனர். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க நமக்கு ஒன்றும் இல்லை.

ஆனால் அந்தக் குருகுலம் கலைந்துவிட்டது. வாடகை கட்டுப்படியாகவில்லை என்று உரிமையாளர்கள் கிளீனரை நிறுத்தினர். இரண்டு டிரைவர் சென்ற வண்டியில் இன்று பல இடங்களில் ஒருவரே போகின்றார். பழைய முறையில் இருந்த நன்மை, அதாவது மெல்லப் பழகும் காலம், மறைந்துபோயிற்று. அதிலிருந்த தீமை, அதாவது உறக்கம் தள்ளாத டிரைவர் நள்ளிரவில் உரிமமற்ற பையனிடம் வண்டியைக் கொடுப்பது, மட்டும் மறையவில்லை. இன்று கிளீனராகப் போகும் பிள்ளை பழைய கல்வியைப் பெறாமல் பழைய ஆபத்தை மட்டும் பெறுகின்றான்.

அப்படியானால் இரண்டாண்டுகளை எப்படிக் கழிப்பது? நாம் சொல்லும் வழி பெரிதாக ஒன்றுமில்லை. அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களில் டீசல் மெக்கானிக் பயிற்சி ஓராண்டு. மோட்டார் வாகன மெக்கானிக் பயிற்சி இரண்டாண்டு. கணக்கிட்டாற்போல இடைவெளிக்குப் பொருந்துகின்றது. அரசுப் பள்ளியில் படித்து இப்பயிற்சிக்குச் செல்லும் மாணவருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இல் தொடங்கப் பெற்றது. மெக்கானிக் படித்தவன் லாரி ஓட்டினால், வழியில் வண்டி நிற்கும்பொழுது கைபிசைந்து நிற்கமாட்டான். ஒருவேளை ஓட்டும் தொழில் ஒத்துவரவில்லையென்றாலும், முதுகு வலி கண்டுவிட்டாலும், அவன் கையில் இன்னொரு தொழில் இருக்கும். மாவட்டந்தோறும் முன்னோடி வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் உணவும் உறைவிடமும் தந்து கட்டணமின்றிப் பயிற்சி அளிக்கின்றார்கள். இலகு வாகனம் ஓட்டும் பயிற்சி அங்குள்ள பாடங்களுள் ஒன்று. நாமக்கல்லில் அசோக் லேலண்டு நிறுவனத்தார் நடத்தும் ஓட்டுநர் பயிற்சி நிலையமும் நமக்கு அருகிலேயே உள்ளது.

படிப்புக்கிடையே 18 வயது நிரம்பிய மறு நாளே இலகு வாகனப் பழகுநர் உரிமத்துக்கு மனுச் செய்யலாம். இணையத்திலேயே செய்யலாம், அந்தத் தளத்துக்குச் ‘சாரதி’ என்று பெயர் வைத்திருக்கின்றார்கள், நல்ல பெயர். பழகுநர் உரிமம் கிடைத்து 30 நாள் கழித்துத் தேர்வுக்குப் போகலாம். தரகரிடம் பணம் கட்டி, ஓட்டாமலே உரிமம் வாங்கித் தரச் சொல்வோருக்கு நாம் சொல்வது ஒன்றுதான்: சாலையில் உங்கள் பிள்ளைக்குப் பதிலாகத் தரகர் வந்து பிரேக் மிதிக்கமாட்டார். இன்னொன்று, பயிற்சிப் பள்ளியில் பணம் கட்டுவதற்கு முன்பே கண் பரிசோதனையை முடித்துக்கொள்ளுங்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாமை சிலருக்குப் பிறவியிலேயே உண்டு; பதினெட்டு வயது வரை அவர்களுக்கே அது தெரிந்திராது. பணத்தைச் செலவிட்ட பின்னர் மருத்துவச் சான்றிதழில் அது தெரியவந்து திரும்பியவர்கள் உளர்.

படிப்பு வேண்டியதில்லை என்று எண்ணுவது பிழை என்றோம். லாரி டிரைவர் கையில் இன்றிருக்கும் காகிதத்தையும் கைப்பேசியையும் பாருங்கள். 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநிலம் விட்டு மாநிலம் போகையில் மின்வழிச் சீட்டு வேண்டும் என்பது 2018 ஏப்ரல் முதல் நடைமுறை. அதனை ‘இ-வே பில்’ என்கின்றனர். அதற்குக் காலக்கெடு உண்டு: 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பது 2021 முதல் உள்ள கணக்கு. வழியில் வண்டி பழுதாகி நின்றால், கெடு முடிவதற்குள் உரியவரிடம் சொல்லி நீட்டிக்க வேண்டும். தவறினால் வண்டியை மடக்கி நிறுத்திவிடுவர். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பாரத் ஸ்டேஜ் 6 வண்டிகளில் டீசலோடு யூரியாக் கரைசலும் ஊற்ற வேண்டும். ஊற்றாவிட்டால் வண்டியின் வேகத்தையும் இழுவையையும் அதன் கணிப்பொறியே குறைத்துவிடும். முன்பலகையில் ஒளிரும் எச்சரிக்கைக் குறிகள் ஒவ்வொன்றும் ஒரு செய்தி சொல்கின்றன. எரிவாயு, பெட்ரோல், அமிலம் போன்றவற்றை ஏற்றும் வண்டிக்கோ தனிப் பயிற்சிச் சான்றிதழும் உரிமத்தில் அதற்கான பதிவும் வேண்டும். இந்திய மொழி ஒன்றையும் ஆங்கிலத்தையும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று விதியே சொல்கின்றது. நம் பகுதியில் டாங்கர்கள் மிகுதி. பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த பிள்ளைக்கு அவ்வேலை எட்டும். ஆங்கிலம் அறியாதவருக்கு எட்டாது. படித்த படிப்பு வீணாகின்றது என்று வருந்தும் தாய்மார்கள் இதனைக் கருத வேண்டும்.

இனி, எவரும் பேசத் தயங்கும் கூலி விஷயத்துக்கு வருவோம். மாதச் சம்பளமும் படியும் தருவோர் உளர். நடைக்கு இவ்வளவு என்று தருவோர் உளர். வாடகையில் நூற்றுக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்வோரும் உளர். இவையன்றி டீசல் கணக்கு என்று ஒன்று உண்டு: இத்தனை கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர் என்று உரிமையாளர் அளந்து தருவார், மிச்சம் பிடித்தால் டிரைவருக்கு, மிஞ்சிச் செலவானால் அதுவும் டிரைவர் தலையில். கேட்பதற்கு நேர்மையான ஏற்பாடாகத் தோன்றும். இது மனிதரை எங்கே கொண்டு நிறுத்துகின்றது என்பதைத் தொப்பூரில் காணலாம்.

பெங்களூரிலிருந்து தருமபுரி வழியாகச் சேலம் நோக்கி வரும் வண்டிகள் தொப்பூர்க் கணவாயில் இறங்குகின்றன. அங்கு நேர்ந்த விபத்துகளை நாம் அனைவரும் பத்திரிகையில் படித்துச் சலித்திருக்கின்றோம். டீசலை மிச்சம் பிடிக்கச் சிலர் அவ்விறக்கத்தில் கியரை எடுத்து நியூட்ரலில் உருட்டுகின்றனர். கியரில் இருக்கும்பொழுது எஞ்சினே வண்டியைப் பின்னிருந்து பிடித்துக்கொண்டிருக்கும். நியூட்ரலில் அந்தப் பிடி விட்டுப்போகின்றது. சரக்கோடு 25 டன், 30 டன் எடை முழுவதும் பிரேக்கின் மீதே விழுகின்றது. மிதிக்க மிதிக்கப் பிரேக் டிரம் சூடேறி, ஓரளவுக்கு மேல் பிடிப்பு இல்லாமற் போகின்றது. அடிக்கடி மிதிப்பதால் காற்றுத் தொட்டியிலும் அழுத்தம் இறங்குகின்றது. அப்பொழுது மீண்டும் கியரில் போட முயன்றால் அந்த வேகத்தில் கியர் விழாது. எதிரே எது நிற்கின்றதோ அதன் மீது மோதுவதைத் தவிர வண்டிக்கு வேறு வழியில்லை. மலை ஏற எந்தக் கியர் தேவைப்படுமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதனால்தான்.

இதில் வேடிக்கை என்னவெனில், நியூட்ரலில் உருட்டுவதால் இன்றைய வண்டிகளில் டீசல் மிச்சமாவதே இல்லை. கணிப்பொறி கட்டுப்படுத்தும் புதிய எஞ்சின்களில், கியரில் இறங்கும்பொழுது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் டீசல் செல்வது நின்றுவிடுகின்றது. சக்கரமே எஞ்சினைச் சுழற்றுகின்றது. நியூட்ரலில் போட்டாலோ எஞ்சின் அணையாதிருக்கச் சிறிது டீசல் எரிந்துகொண்டேயிருக்கும். பழைய எஞ்சினில் ஏற்பட்ட பழக்கத்தைக் காரணம் மறைந்த பின்னும் விடாமல் வைத்திருக்கின்றோம். அதற்காக உயிரையும் கொடுக்கின்றோம். இதை ஒரு தொழிற்பயிற்சி மாணவன் அரை மணி நேரத்தில் புரிந்துகொள்வான். எவரும் சொல்லித்தராமல் ஸ்டியரிங்கைப் பிடித்தவன் முன்னால் போகிறவரைப் பார்த்து அப்படியே செய்வான்.

ஆகவே வேலைக்குச் சேரும்பொழுதே கூலி எப்படி என்பதைத் தெளிவாகக் கேட்டு, முடிந்தால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டீசல் கணக்கு உண்டா, ஏற்றுக்கூலி இறக்குக்கூலி யாருடையது, சரக்குக் குறைந்தால் யார் பொறுப்பு, வண்டிக்குக் காப்பீடும் தகுதிச் சான்றும் நடப்பில் உள்ளனவா என்று கேட்பது மரியாதைக் குறைவன்று. கேட்டதற்காக முகம் சுளிக்கும் உரிமையாளரிடம் சேராமலிருப்பதே நலம். வேலையில் சேர்ந்த பின்னர், அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கான தமிழ்நாடு அரசின் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். 

உறக்கத்தைப் பற்றிப் பேசாமல் லாரியைப் பற்றிப் பேச இயலாது. 1961-ஆம் ஆண்டில் இயற்றப் பெற்ற மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலையை வரையறுத்தது. 5 மணி நேர வேலைக்குப் பின் அரை மணி ஓய்வு என்றது. சட்டப் புத்தகத்தில் அப்படி. சாலையில் எப்படி என்பது உங்களுக்கே தெரியும். ஐந்துக்குக் குறைந்த ஆட்களை வைத்திருந்த சிறு உரிமையாளர்களை அச்சட்டம் பொதுவாகத் தொடவுமில்லை. இரவு 2 மணி முதல் 5 மணி வரை உடல் தானே உறக்கத்தைத் தேடும். தேநீரும் வெற்றிலையும் புகையிலையும் அதை ஒத்திப்போடலாமே தவிர ஒழிக்கமாட்டா. கண் திறந்தபடியே நாலைந்து நொடி உறங்கிவிடுவதுண்டு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஐந்து நொடியில் வண்டி 80 மீட்டருக்கு மேல் போய்விடும். உறக்கம் வந்தால் நிறுத்து என்று மகனுக்குச் சொல்லுங்கள். ‘எப்போ வந்து சேருவே?’ என்று மணிக்கொரு முறை கைப்பேசியில் கேட்காதிருப்பதும் பெற்றோர் செய்யக்கூடிய உதவியே.

லாரிக்காரருக்குப் பெண் கொடுக்கத் தயங்குகின்றார்கள் என்பதையும் நாம் அறியாமலில்லை. 1990-களில் எச்.ஐ.வி. கிருமி பரவியபொழுது நாமக்கல் வட்டாரத்தையும் லாரித் தொழிலையும் அந்நோயோடு சேர்த்தே நாடு பேசியது. அந்தப் பேச்சின் நிழல் இன்னும் முற்றிலும் விலகவில்லை. குடும்பத்தை விட்டு வாரக்கணக்கில் வெளியில் இருக்கும் வாழ்க்கையில் இடறல்கள் உண்டு; மது அவற்றுள் முதலாவது. ஆயினும் நெடுந்தூர நடைக்குத்தான் போக வேண்டும் என்று கட்டாயமில்லை. மாவட்டத்துக்குள்ளேயே தீவனமும் முட்டையும் ஏற்றி, இரவு வீடு திரும்பும் வண்டிகள் நம் பகுதியில் நிறைய உண்டு. வருமானம் சற்றுக் குறையலாம். முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு அதுவே தக்கது என்பது நமது எண்ணம். வண்டிகளும் மாறி வருகின்றன. புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் 2025-இல் கட்டாயமாக்கப்பட்டது.

சென்ற மாதம் ஒரு பள்ளியில் பேசியபொழுது ஒரு மாணவி எழுந்து, “நாங்க ஓட்டக் கூடாதுங்களா, சார்?” என்று கேட்டாள்; வகுப்பே சிரித்தது. குமரி மாவட்டத்தைச் சேர்ந்த வசந்தகுமாரி 1993-லேயே தமிழ்நாட்டு அரசுப் பேருந்தில் ஓட்டுநராகச் சேர்ந்தவர் என்பதை அவ்வகுப்பில் ஒருவரும் அறிந்திருக்கவில்லை. சட்டத்தில் ஆண் பெண் வேற்றுமை இல்லை. சாலையில் பெண்கள் தங்கவும் குளிக்கவும் தக்க இடம் இல்லை. குறை அங்கேதான் இருக்கின்றது.

சொந்த லாரி வாங்கும் ஆசையைப் பற்றி ஒரு சொல். உரிமம் கிடைத்த ஆண்டே, வீட்டுப் பத்திரத்தை வைத்துத் தவணைக்கு வண்டி எடுக்க முனையாதீர்கள். மாதத் தவணை மழை நாளையும் வேலைநிறுத்தத்தையும் பார்ப்பதில்லை. நாலைந்து ஆண்டு பிறர் வண்டியில் ஓடி, எந்தச் சரக்கு எந்த மாதத்தில் எந்த ஊருக்குக் கிடைக்கும், திரும்பும் நடைக்கு லோடு பிடிப்பது எப்படி என்று அறிந்த பிறகு வாங்குங்கள். வெறும் வண்டியாகத் திரும்பும் நடையில் நொடித்துப்போன குடும்பங்கள் நம் ஒன்றியத்திலேயே உண்டு.

வரும் செவ்வாய்க்கிழமை காலை 10 மணிக்கு இதே மன்றத்தில் தொழிற்பயிற்சி நிலைய ஆசிரியர் ஒருவரும் மோட்டார் வாகன ஆய்வாளர் ஒருவரும் வருகின்றார்கள். கண் பரிசோதனைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வருவதாகச் சொல்லியிருக்கின்றனர். மதிப்பெண் பட்டியலின் நகலும் ஆதார் அட்டையும் கொண்டுவந்தால் போதும். தகப்பனார்களும் உடன் வாருங்கள். அன்று எந்த ஆய்வுக் கூட்டம் இருந்தாலும் நாம் இங்கேயே இருப்போம்.

முன்னர்ச் சொன்ன அந்த இளைஞரையும் இன்று வரச் சொல்லியிருந்தோம். அவர் இப்பொழுது தொழிற்பயிற்சி நிலையத்தில் டீசல் மெக்கானிக் படித்து வருகின்றார். உங்களிடம் தாமே நாலு வார்த்தை பேசுவதாக ஒப்புக்கொண்டிருந்தார். இன்று நீதிமன்றத்தில் வாய்தா என்று நேற்று மாலை சொல்லியனுப்பிவிட்டார். செவ்வாய்க்கிழமை வருவார் என்று நம்புகின்றோம். மனுப் படிவங்கள் வாயிலருகே மேசையில் உள்ளன, எடுத்துக்கொள்ளுங்கள்.